வழிமீன்

கண்மாய் வற்றுவதை எங்கள் ஊரில் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கால் தெரிந்துகொள்வோம். பங்குனிக் கடைசியில், மலைப்பக்கமிருந்து காற்று இறங்கும் சாயங்கால வேளைகளில், பாசியும் சேறும் மீன்செதிலும் கலந்த ஒரு வாடை தெருவுக்குள் வந்து, கொடியில் காயும் துணியிலும் மூடிவைத்த சோற்றிலும்கூட ஏறிக்கொள்ளும். அதே நாட்களில்தான் தோப்புகளில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் என்பதால், அந்த வாடையை நினைக்கும்போதெல்லாம் மூக்கு நுனியில் பஞ்சு ஒட்டிய அரிப்பும் எனக்குச் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. வாடை தொடங்கி ஒரு வாரத்துக்குள் யாராவது ஒருவர், "கண்மா அழியப் போகுது" என்று சொல்லிவிடுவார். கண்மாய் அழிவது என்றால் கரை உடைந்து போவதல்ல. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியபின் ஊரே ஒன்றாக இறங்கி மீன் பிடித்துத் தீர்ப்பதற்கு எங்கள் பக்கத்தில் வழங்கிய பெயர் அது.

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி போகும் சாலையை விட்டுத் தெற்கே பிரியும் வண்டிப்பாதையில் இருந்தது எங்கள் ஊர். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் முப்பத்துநான்கு வீடுகள். ஊருக்கு மேற்கே, மலைச்சரிவு தரையைத் தொடும் இடத்தில், ஓடைத் தண்ணீரை வாங்கி நிற்கும் பூலாக் கண்மாய். கண்மாய் அரசாங்கத்துக்குச் சொந்தம், அதாவது எல்லாருக்கும் சொந்தம். ஆனால் அதைச் சுற்றி நான்கு பக்கமும் பட்டா நிலம். ஊரின் கடைசி வீட்டிலிருந்து கண்மாய்க் கரை வரை போகும் ஒற்றையடிப் பாதை அந்த நிலங்களின் ஊடாகத்தான் போயிற்று. என் சின்னக் காலுக்கு அது அறுநூற்று நாற்பது எட்டு.

முன்பு அந்த நிலம் பத்தொன்பது துண்டுகளாகப் பத்தொன்பது பேரிடம் இருந்தது. எல்லாரும் எங்கள் ஊர்க்காரர்கள். பாதை யாருடைய துண்டில் விழுகிறதோ அவருக்குக் கண்மாய் அழியும் அன்று ஒரு மீன் கொடுக்க வேண்டும். "வழிமீன்" என்று அதற்குப் பெயர். அவர் அதை வாங்கிக்கொண்டால் அடுத்த வருடம் வரை வழி உண்டு; எந்த வருடம் வழிமீன் கைமாறவில்லையோ அந்த வருடத்தோடு வழி போயிற்று. எழுத்தில் இல்லாத இந்த ஏற்பாட்டை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் அண்ணன் தம்பிகளாகவோ மாமன் மச்சான்களாகவோ இருந்ததால் அதற்கு அவசியமும் வரவில்லை.

எழுபதுகளின் பாதியில் நிலங்கள் கைமாறத் தொடங்கின. ஒருவர் மகள் கல்யாணத்துக்காக விற்றார், ஒருவர் கிணறு தூர்ந்துபோனதால் விற்றார், பக்கத்து நிலம் போனபின் தனியாகக் காவல் காக்க முடியவில்லை என்று மற்றொருவர் விற்றார். எல்லாவற்றையும் வாங்கியவர் ஒருவரே. போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த சூசை முதலாளி. கன்னியாகுமரிப் பக்கத்தில் ஏதோ ஒரு கடற்கரை ஊரிலிருந்து சின்ன வயதில் போடிக்கு வந்து, மண்டியில் சாக்குத் தைத்து, ஏலக்காய்க்கு நல்ல காலம் வந்தபோது தானும் முதலாளியானவர். அதிகம் பேசமாட்டார். பேசும்போது கையில் எதுவும் இல்லாவிட்டாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக்கொண்டே இருப்பார், காயின் தரம் பார்ப்பது போல. நிலத்தை விற்ற ஒவ்வொருவரும் பாதையைப் பற்றியும் வழிமீனைப் பற்றியும் அவரிடம் சொல்லித்தான் விற்றார்கள். அவரும் தலையாட்டித்தான் வாங்கினார். பாதை விழுந்த ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மீன் தர வேண்டுமே என்று ஊரில் கேட்டபோது ஒன்று போதும் என்று சொல்லிவிட்டாராம்.

அவர் எல்லா நிலத்திலும் இலவமும் மாவும் வைத்துத் தோப்பாக்கியபின் வழக்கத்தில் ஒரு விதி கூடிற்று. கண்மாய் அழியும் அன்று கையில் "ஊத்தா" இருப்பவரைத் தோப்பில் யாரும் தடுக்கக் கூடாது. ஊத்தா இல்லாதவர் நுழையக் கூடாது. ஊத்தா என்பது மூங்கில் சிம்பில் பின்னிய கூடு. அடிப்பக்கம் அகலம், மேலே கை நுழையும் அளவு வாய், இரண்டு பக்கமும் திறப்பு. கலங்கிய தண்ணீரில் அதை ஓங்கி அமுக்கி, உள்ளே மீன் முட்டுகிறதா என்று பார்த்து, மேல்வாய் வழியாகக் கைவிட்டு எடுக்க வேண்டும். 

என் அம்மா அதில் கெட்டிக்காரி. மற்ற மாதங்களில் அம்மா போடியில் ஒரு மண்டியில் ஏலக்காய் ஆய்கிற வேலைக்குப் போனாள். பெரிதும் சிறிதும் வெடித்ததுமாகக் காயைப் பிரித்துப் போட்டுவிட்டு, கையில் அந்த மணத்தோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். மலையில் காய் எடுப்பு முடிந்த பின், சித்திரை வைகாசியில் அந்த வேலை இருக்காது. அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் குழம்பு என்று ஒன்று இருந்தால் அது கண்மாய் கொடுத்தது. கெளுத்தியும் கெண்டையும் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அயிரையைப் பானையில் தண்ணீர் ஊற்றி நாலு நாள் உயிரோடு வைத்திருப்போம். மிச்சத்தை அம்மா உப்புத் தடவி ஓலைப்பாயில் காயப்போட்டு ஆடிவரை கொண்டுபோவாள். எங்கள் வீட்டைப் போலவே பாதி ஊர் அந்தப் பாதையை நம்பித்தான் கோடையைக் கடந்தது.

அழிக்கும் நாளைக் குறிப்பவர் மாயாண்டிப் பெரியப்பா, அப்பாவுக்கு மூத்தவர். மடை திறக்கிற பொறுப்பு அவருடையது. விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் கரைமேல் ஏறி நின்று, தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்து மூன்று தரம் வீசுவார். மூன்றாவது வீச்சுக்குக் கரையில் நிற்கும் அத்தனை பேரும் தண்ணீருக்குள் இருப்பார்கள். அதற்குமுன் ஒரு கால் நனைந்தாலும் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்பதால் ஊரில் எப்பேர்ப்பட்ட சண்டைக்காரர்களும் அந்த ஒரு நாள் அடங்கி நின்றார்கள். முதலில் விழும் விராலை அவர் வாங்கிக்கொண்டு போய்த் தோப்பு வாசலில் முதலாளியிடம் கொடுப்பார். முதலாளி கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் ஒருமுறை தூக்கிப் பார்த்து, "நல்லது" என்பார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் ஐப்பசி மழையும் இல்லை, கார்த்திகை மழையும் இல்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. தேதியைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்குப் பின்னால்தான் வந்தது என்பதால் இன்ன வருடம் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். மாசியிலேயே கண்மாய் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிட்டது. அந்தப் பங்குனியில் வாடை வரவில்லை. பஞ்சு மட்டும் பறந்தது.

அதே வருடம் தை மாதத்தில் முதலாளி பாதையின் தொடக்கத்தில் இரும்புக் கேட் ஒன்று போட்டிருந்தார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. இலவங்காயை யாரோ சாக்குச் சாக்காக இறக்கிக்கொண்டு போனார்கள். ஆடுகள் மாங்கன்றுகளைக் கடித்துப் பாதித் தோப்பை மொட்டையாக்கியிருந்தன. சித்திரை பிறந்து நாலைந்து நாளில் தோப்புக் காவல்காரர் மொக்கை எங்கள் தெருவுக்கு வந்தார். அவர் தேவாரத்துக்காரர், யாரையும் வைது பழக்கமில்லாதவர். சொல்ல வந்ததைச் சொல்வதற்கு முன் இரண்டு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"எங்கிட்டக் கோவிச்சுக்கிறாதீகப்பா. மொதலாளி சொல்லிவிட்டதச் சொல்றேன். மீன் வந்தா வழி, மீன் வரலைன்னா வழி இல்ல. நீங்க வச்ச வழக்கந்தானாம். இந்த வருசத்தோட கேட்டப் பூட்டிருவாராம்."

அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் ஊர் கூடியது. மீனை விலைக்கு வாங்கிக்கொண்டுபோய் முதலாளி வீட்டில் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வழிமீன் என்றால் கண்மாய்க்குள் ஊத்தா போட்டு எடுத்த மீனாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிக் கொடுப்பது கறிக்கு மீன் கொடுப்பது, வழிக்கு அல்ல என்றார். பேச்சு அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து என் அம்மாதான் சொன்னாள்.

"அப்ப வாங்குன மீனக் கண்மாய்க்குள்ள விட்டு, மேல ஊத்தாவப் போட்டு எடுத்துட்டாப் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்காததைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அப்படியே செய்வது என்று முடிவாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாள். மாதா கோயில் பூசை முடிந்து முதலாளி தோப்புக்கு வருவதும் ஞாயிற்றுக்கிழமைதான். வீட்டுக்கு ஓர் ஆளாவது ஊத்தாவோடு வர வேண்டும், ஆள் குறைந்தால் வழக்கம் செத்துவிட்டது என்று பேச இடமாகிவிடும் என்றார் பெரியப்பா. 

போடிக்குப் போய் மீன் வாங்கிவர ஆள் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு இருந்த ஒரே வாத்தியார் சனிக்கிழமைதோறும் சைக்கிளில் போடியிலுள்ள தன் வீட்டுக்குப் போவார். அவரிடம் சொல்லி, ஞாயிறு காலையில் சந்தையில் ஒரு கிலோ மீன் வாங்கி வெரசா வந்துவிடும்படி கேட்டுக்கொண்டார்கள். அவர் முட்டைகூடத் தொடாதவர் என்பதை அந்த நேரத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஊருக்காக ஒத்துக்கொண்டவரும் என்ன மீன் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேட்டருகில் நாங்கள் நாற்பத்தொரு பேர் நின்றோம். ஊத்தா இருபத்திரண்டுதான் இருந்தது. மற்றவர்கள் கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தைத் தூக்கி வந்திருந்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே சாடைதான். நானும் ஒரு பஞ்சாரம்தான் வைத்திருந்தேன். மொக்கை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளிடம் நின்றார்.

"ஏத்தா, இதுல கோழி எச்சம்ல ஒட்டியிருக்கு?"

"இன்னைக்கு ஊத்தா. நாளைக்கு மறுபடியும் பஞ்சாரமாயிரும். ஒனக்கென்ன, வழிய விடப்பு."

அவர் வழி விட்டார். 

மடைக்கு முன்னாலிருந்த பள்ளத்தில் மட்டும் சேறு கொஞ்சம் ஈரமாக இருந்தது. பெண்கள் கொண்டுவந்த மூன்று குடம் தண்ணீரை அதில் ஊற்றினார்கள். பெரியப்பா கரைமேல் ஏறி, நிறைந்த கண்மாயைப் பார்ப்பவர்போலச் சற்று நேரம் பார்த்துவிட்டு, துண்டை மூன்று தரம் வீசினார். நாங்கள் இறங்கினோம். காய்ந்த பாளங்கள் மேல் ஊத்தாக்களை அமுக்கி, மேல்வாய் வழியாகக் கைவிட்டுத் துழாவி, நகர்ந்து, மறுபடி அமுக்கினோம். புழுதி எழுந்தது. முதலில் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பெண்களுக்கு. "சிரிக்காமப் பிடிங்க," என்று கரையிலிருந்து பெரியப்பா குரல் வந்ததும் எல்லாருக்கும் இன்னும் அதிகமாக வந்தது.

சற்று நேரத்தில் தோப்புப் பக்கமிருந்து சைக்கிள் மணி விடாமல் கேட்டது. வாத்தியார் வந்துவிட்டார், ஊத்தா இல்லாததால் மொக்கை உள்ளே விடவில்லை. நான் என் பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு அறுநூற்று நாற்பது எட்டும் ஓடினேன். ஒரு கையில் பஞ்சாரமும், முடிந்தவரை உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்த இன்னொரு கையில் தேக்கிலைப் பொட்டலமுமாக வாத்தியார் தோப்புக்குள் வந்தார். முதலாளியின் ஜீப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

அம்மா பள்ளத்தருகே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே வெள்ளி வெள்ளியாகப் பத்துப் பன்னிரண்டு மத்தி. மலை தாண்டிக் கேரளத்திலிருந்து ஐஸ் பெட்டியில் லாரியில் வந்து இறங்கும் கடல்மீன். பெரியப்பா குனிந்து பார்த்தார்.

"வாத்தியாரே, இது மத்தில?"

"மீன்னுதானே சொன்னீங்க? இருந்ததிலயே இதுதான் பளபளன்னு இருந்துச்சு."

யாருக்கும் பதில் சொல்ல நேரமில்லை. ஜீப் நின்ற சத்தம் கேட்டது. அம்மா இருந்ததிலேயே பெரியதாக ஒன்றை எடுத்துப் பள்ளத்து நீரில் போட்டாள். அது மல்லாந்து மிதந்தது. எழுந்து நின்று, சேலையை இழுத்துச் செருகி, ஊத்தாவை ஓங்கி அதன்மேல் அமுக்கி, மேல்வாயில் கைவிட்டு எடுத்தாள். பிறகு, அது மத்தி என்று தெரியாதிருக்கட்டும் என்று சேற்றை அள்ளி அதன் இரண்டு பக்கமும் பூசினாள்.

முதலாளி கரையேறி வந்திருந்தார். பெரியப்பா மீனை இரண்டு கையாலும் நீட்டினார். முதலாளி வாங்கிக்கொண்டு எடை பார்க்கவில்லை. கட்டைவிரலால் சேற்றைத் துடைத்தார். ஒருமுறை, இன்னொரு முறை. வயிற்றுப் பக்கம் வெள்ளியாகத் தெரிந்தது.

"இது சாளை," என்றார். நாங்கள் மத்தி என்பதை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம்.

பெரியப்பா தரையைப் பார்த்தார்.

"எங்க பிடிச்சீக?"

"இந்தக் கண்மாய்லதான் மொதலாளி," என்றாள் அம்மா. "ஊத்தா போட்டுத்தான் எடுத்தேன். பொய் சொல்லல."

அவர் வறண்ட கண்மாயையும், அதில் கவிழ்ந்து கிடந்த ஊத்தாக்களையும் பஞ்சாரங்களையும், மூன்று காலிக் குடங்களையும், தள்ளி நின்ற வாத்தியாரையும் பார்த்தார். விரல்கள் மீனின் மேலேயே தேய்ந்துகொண்டிருந்தன.

"எங்கப்பா இந்த மீனுக்குக் கட்டுமரத்துல விடியுமுன்ன போவாரு. சில நாள் வெறுங்கையோடதான் வருவாரு. நீங்க தண்ணியில்லாத எடத்துல பிடிச்சுட்டீக," என்றவர், மீனைத் தேக்கிலையில் சுற்றி மொக்கையிடம் கொடுத்தார். "நல்லது."

அதோடு அவர் போயிருந்தால் எங்களுக்கு அது ஒரு நல்ல நாளாக மட்டும் இருந்திருக்கும். கரையிலிருந்து இறங்கியவர் திரும்பி நின்று பெரியப்பாவைக் கூப்பிட்டார். இவ்வளவு பாடு இனிமேல் வேண்டாம், புதன்கிழமை போடிக்கு வாருங்கள், பாதை ஊருக்கென்று ரிஜிஸ்தர் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், எனக்குப் பின்னால் யார் எப்படி இருப்பார்களோ என்றார். 

பெரியப்பா யோசிக்கவே இல்லை. "மீன வாங்கிட்டீக. அதுக்கு மேல எழுத்து எதுக்கு மொதலாளி?" என்றார். சுற்றி நின்றவர்கள் அதுதான் சரி என்பதுபோலத் தலையாட்டினார்கள். எங்கள் மனிதர்களுக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. கடல்மீனைக் கண்மாய் மீனாக ஏற்றுக்கொண்ட ஒருவரிடம் காகிதம் வாங்குவது, அவரைச் சந்தேகப்படுவதாகும் என்று நினைத்தார்கள். முதலாளி இன்னொரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். 

அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அன்றைக்கு மீந்த மத்தியைக் குழம்பு வைத்துப் பெரியப்பா வீட்டுக்குக் கொண்டுபோனபோது, அவர் எழுதித் தருகிறேன் என்றதை வாங்கியிருக்கலாமே என்று சொல்லியிருக்கிறாள். "தாலி கட்ட வந்தவன்ட்டப் பத்திரம் கேப்பியா?" என்று பெரியப்பா கேட்டாராம். அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த ஐப்பசியில் மழை பெய்தது. அதன்பின் ஏழு வருடம் கண்மாய் ஒழுங்காக அழிந்தது. ஏழு விரால்கள் கைமாறின. கேட் இருந்தது, ஆனால் பூட்டு தொங்கிப் பார்த்ததில்லை. எண்பதுகள் முடியும் தறுவாயில் முதலாளி இறந்துபோனார். அவருடைய பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள். தோப்பை மொத்தமாக வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றார்கள். 

அந்தச் சித்திரையில் ஊர் வழக்கம்போல ஊத்தாக்களோடு போய் நின்றது. கேட் பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து வந்த மேனேஜர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். பாதை உங்களுக்கு என்பதற்கு எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மாயாண்டிப் பெரியப்பா பதிலுக்குக் கையிலிருந்த ஊத்தாவைத் தூக்கிக் காட்டினார். மேனேஜருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் அதை அப்படியே உயர்த்திப் பிடித்திருந்துவிட்டு, கை வலித்ததும் பெரியப்பா இறக்கினார். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அம்மா, அப்போதே சொன்னேன் என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது கேட்டுக்குப் பதிலாகச் சுற்றிலும் சுவர். இலவ மரங்களை வெட்டிவிட்டார்கள். ஊரில் ஊத்தா பின்னத் தெரிந்தவர்களும் இல்லை, அதன் தேவையும் இல்லை. மீன் வாரம் இரண்டு நாள் வண்டியில் வீட்டு வாசலுக்கு வருகிறது, பெரும்பாலும் மத்தி. போன ஆவணியில் ஒரு வேலையாகக் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனபோது, பூலாக் கண்மாயைப் பற்றிக் கேட்டேன். அங்கிருந்தவர் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். மகன் வயதுப் பையன், பொறுமையாகத் தேடினார்.

"கண்மாய் பொறம்போக்குத்தாம்மா. மீன் பிடிக்க ஒங்கள யாரும் தடுக்க முடியாது."

எந்தப் பக்கமாக அங்கே போவது என்று கேட்டேன். அவர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி விரலால் சுற்றிவந்தார். நான்கு பக்கமும் பட்டா எண்கள்தான் இருந்தன. ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்றும் வந்துவிட்டு, "அது இதுல இல்லையேம்மா," என்றார்.

நல்ல மழை பெய்கிற வருடங்களில் மிஞ்சிய தண்ணீர் மறுகால் பாயும் சத்தம் சுவரைத் தாண்டி ஊர்வரை கேட்கிறது. கண்மாய் நிறைந்துவிட்டது என்பதை நாங்கள் இப்போது அப்படித்தான் தெரிந்துகொள்கிறோம்.